கட்டளை இல்லாத டைல்

செயற்கைக்கோள் படத்தையோ ஸ்கேன் செய்த பழைய நிலப்படத்தையோ இணைய வரைபடமாக மாற்றித் தரும் வேலையில், கடைசியில் வாடிக்கையாளர் கைக்குப் போவது ஒரு ஃபோல்டர். உள்ளே எண்களைப் பெயராகக் கொண்ட துணை ஃபோல்டர்கள். அவற்றுக்குள் 256-க்கு 256 பிக்சல் அளவில் ஆயிரக்கணக்கான குட்டிப் படங்கள். இவற்றைத்தான் டைல் என்கிறோம். பிரவுசரில் திறந்தால் வரைபடம் நகர்கிறது, பெரிதாகிறது, சிறிதாகிறது. வேலை முடிந்தது, பில் போடலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஃபோல்டரை உண்டாக்கிய கட்டளை வரிகளும் அதோடு சேர்ந்து போக வேண்டும். அவை இல்லாத டைல் பாதி வேலைதான். மூலப் படத்துக்கும் டைலுக்கும் நடுவே குறைந்தது ஐந்து இடங்களில் யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார்: எந்தப் புரொஜெக்‌ஷன், எந்த ரீசாம்ப்ளிங் (பழைய பிக்சல்களிலிருந்து புதிய பிக்சலின் மதிப்பைக் கணக்கிடும் முறை), வெளிச்சத்தை எங்கே வெட்டுவது, எதைக் காலியிடமாகக் கொள்வது, எந்த ஜூம் வரை போவது. டைலை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இவற்றை உறுதியாகச் சொல்ல முடியாது. ஐந்தாறு வரிக் கட்டளையைப் படித்தால் அத்தனையும் தெரிந்துவிடும்.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜிடால் என்ற திறமூல நூலகத்தை 1998-இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கினார். இன்று ராஸ்டர் கோப்பைத் திறக்கும் மென்பொருள்களில், க்யூஜிஐஎஸ் உட்படப் பலவற்றுக்கும் அடியில் இதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு வரும் கட்டளைகளில் நம் வேலைக்கு நான்கு போதும். ஜிடால்-பில்ட்-விஆர்டி பல படங்களை ஒன்றாகக் கோக்கும். ஜிடால்-வார்ப் ஒரு புரொஜெக்‌ஷனிலிருந்து இன்னொன்றுக்கு வளைக்கும். ஜிடால்-டிரான்ஸ்லேட் கோப்பு வடிவத்தையும் மதிப்பு வரம்பையும் மாற்றும். பெட்ர் பிரிடால் 2007-இல் கூகுளின் கோடைக்காலத் திட்டத்தில் எழுதிய ஜிடால்-டு-டைல்ஸ் துண்டு போடும். துண்டு போடும் முறை 2005-இல் கூகுள் மேப்ஸ் வந்ததோடு எங்கும் பரவியது. ஜூம் 0-இல் உலகம் முழுவதும் ஒரே சதுர டைல்; அடுத்த ஜூமில் அது நான்கு, அதற்கடுத்து பதினாறு, இப்படியே. உலகத்தைச் சதுரத்தில் அடக்க வேண்டும் என்பதற்காக, இபிஎஸ்ஜி 3857 என்று எண்ணிட்ட வெப் மெர்கேட்டர் புரொஜெக்‌ஷன் 85.05 பாகைக்கு அப்பாலுள்ள துருவப் பகுதிகளை வெட்டிவிடுகிறது. ஜூம் 0-இல் நிலநடுக்கோட்டில் ஒரு பிக்சல் 156,543 மீட்டர். ஒவ்வொரு ஜூமுக்கும் அது பாதியாகிறது, டைல் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. இந்த இரண்டு கணக்கும் மனதில் இருந்தால் மீதியெல்லாம் புரிந்துவிடும்.

முதல் முடிவு, எந்த ஜூம் வரை போவது என்பது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படத்தை எடுத்துக்கொள்வோம். இலவசமாகக் கிடைப்பதால் இது இன்று நம் ஊரில் பரவலாகப் புழங்குகிறது. அதன் நுணுக்கமான பட்டைகளில் ஒரு பிக்சல் 10 மீட்டர். ஜூம் 14-இல் நிலநடுக்கோட்டில் பிக்சல் அளவு 9.55 மீட்டர், மெர்கேட்டர் நீட்சியைக் கழித்தால் திருச்சி அட்சத்தில் ஏறக்குறைய 9.4 மீட்டர். ஆக, இந்தப் படத்துக்கு இயல்பான எல்லை 14. ஒரு சென்டினல் படத்துண்டு பக்கத்துக்கு 10,980 பிக்சல், அதாவது 109.8 கிலோமீட்டர். ஜூம் 14-இல் அதற்குச் சுமார் 2,100 டைல் வரும். அதைவிட எண் குறைந்த எல்லா ஜூம்களும் சேர்ந்து அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கூட்டும், மொத்தம் 2,800. வாடிக்கையாளர் “கூகுள் மாதிரி கிட்டே போய்ப் பார்க்கணும்” என்று கேட்டு, ஜூம் 18 வரை வெட்டினால் மொத்தம் 7,00,000-ஐத் தாண்டும். டைல் 250 மடங்கு கூடியும் புதிய தகவல் ஒரு துளிகூடச் சேர்ந்திருக்காது. ஒரே 10 மீட்டர் பிக்சலை 17-க்கு 17 பிக்சலாக இழுத்திருக்கிறோம், அவ்வளவே. இடம் வீணாவதைவிடப் பெரிய கெடுதல், க்யூபிக் ரீசாம்ப்ளிங்கில் இழுத்த படம் மழமழவென்று இருப்பதால், வரப்பும் கரையும் அந்த நுணுக்கத்தில் அளக்கப்பட்டவை என்று பார்ப்பவர் நம்பிவிடுவது. கட்டளையில் ஜூம் வரம்பு 6-14 என்று இருந்தால் மூலத்தின் எல்லையும் அங்கேயே தெரியும். லேண்ட்சாட் என்ற இன்னொரு செயற்கைக்கோள் வரிசையின் விஷயம் இதைவிடச் சங்கடம்: அதன் 30 மீட்டர் பிக்சல், நம் அட்சத்தில் ஜூம் 12-இன் 37 மீட்டருக்கும் ஜூம் 13-இன் 19 மீட்டருக்கும் நடுவில் விழுகிறது. 12-இல் நிறுத்தினால் இழப்பு, 13-க்குப் போனால் இட்டுக்கட்டல். இரண்டுக்கும் நியாயம் உண்டு. எதைத் தேர்ந்தோம் என்று எழுதி வைக்காததற்குத்தான் நியாயம் கிடையாது.

இரண்டாவது, படங்களைக் கோக்கும்போது வரும் புரொஜெக்‌ஷன் முடிவு. சென்டினல் படங்கள் யூடிஎம் என்ற புரொஜெக்‌ஷனின் மண்டலங்களில் வருகின்றன. மண்டலம் 43-க்கும் 44-க்கும் எல்லையான 78 பாகைக் கிழக்குத் தீர்க்கம் தமிழ்நாட்டை நெடுக்காகப் பிளந்துகொண்டு போகிறது. கோவையும் திருநெல்வேலியும் 43-இல். மதுரையும் தூத்துக்குடியும் சென்னையும் 44-இல். மாநிலம் முழுவதற்கும் படங்களை இறக்கி, ஒரே ஃபோல்டரில் போட்டு, ஜிடால்-பில்ட்-விஆர்டி-யிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? அது முதலில் வரும் கோப்பின் புரொஜெக்‌ஷனை எடுத்துக்கொண்டு, வேறு புரொஜெக்‌ஷனில் உள்ளவற்றை ஒரு எச்சரிக்கை வரியோடு ஒதுக்கிவிட்டு, மீதியை வைத்து வேலையை வெற்றிகரமாக முடிக்கும். டெர்மினலில் நூறு வரி ஓடும்போது அந்த எச்சரிக்கை கண்ணில் படாது. பாதி மாநிலம் இல்லாமல் போனால் யாரும் கவனித்துவிடுவார்கள். ஆனால் இரு மண்டலப் படங்களும் ஒன்றின் மேல் ஒன்று படியும் 78 பாகைக்கு அருகில் நான்கைந்து துண்டுகள் மட்டும் கொண்ட ஒரு மாவட்டத்துக்கு வேலை செய்யும்போது, மேகமில்லாத நல்ல படம் ஒதுக்கப்பட்டு மேகமூட்டமான படம் உள்ளே வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மண்டலத்தையும் தனித்தனியாக 3857-க்கு வார்ப் செய்துவிட்டுப் பிறகு கோப்பதுதான் சரியான வரிசை. கூடவே ‘டாஷ் ஸ்ட்ரிக்ட்’ என்று போட்டால் எச்சரிக்கை பிழையாக மாறி, வேலை அங்கேயே நின்றுவிடும். கட்டளை வரியில் இந்த வரிசையும் இந்தச் சொல்லும் இருக்கின்றனவா என்று பார்த்தாலே, செய்தவர் இந்தக் கண்ணியை அறிந்தவரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

பழைய நிலப்படத் தாள்களில் புரொஜெக்‌ஷன் சிக்கல் வேறு ரூபத்தில் வருகிறது. 1802-இல் பரங்கிமலைக்கு அருகே அளவையாளர் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் வழியில் வந்த இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களில் உள்ள அட்ச, தீர்க்கக் கோடுகள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 வேறொரு நீள்கோளம், வேறொரு மையம். தாளின் நான்கு மூலைகளிலும் அச்சிட்ட பாகைகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கொடுத்து, ‘இது டபிள்யூஜிஎஸ் 84’ என்று அறிவித்துவிட்டால், தென்னிந்தியாவில் மொத்தப் படமும் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். ஜூம் 10-இல் அது ஓரிரு பிக்சலுக்குள் அடங்கிவிடுவதால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். ஜூம் 15-க்குப் போனால் கோயில் தெப்பக்குளம் பக்கத்துத் தெருவில் கிடக்கும். இந்த அறிவிப்பு நடப்பது ஜிடால்-டிரான்ஸ்லேட் கட்டளையில் ‘டாஷ் ஏ-எஸ்ஆர்எஸ்’ என்ற ஒரே இடத்தில். அங்கே என்ன எண் இருக்கிறது என்று தெரிந்தால், நகர்வு எங்கிருந்து வந்தது என்பது ஒரு நிமிட வேலை. தெரியாவிட்டால், நகர்ந்தது குளமா, பழைய அளவையாளர் செய்த தவறா, நாம் செய்த தவறா என்று வாதாடிக்கொண்டே இருக்கலாம்.

மூன்றாவது, வெளிச்சம். டைல் என்பது 8 பிட் படம். ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். சென்டினல்-2 படத்தின் மதிப்புகள் 16 பிட் கோப்பில் வருகின்றன. நிலம் திருப்பி அனுப்பும் ஒளியின் விகிதத்தை 10,000-ஆல் பெருக்கிய எண்கள் அவை. 0 முதல் 3000 வரை உள்ளதை 0 முதல் 255-க்குள் சுருக்குவது பலரும் செய்வது. இதில் 2022 ஜனவரி 25 அன்று ஒரு மாற்றம் வந்தது. அன்று நடைமுறைக்கு வந்த 04.00 செயலாக்கப் பதிப்பிலிருந்து எல்லா மதிப்புகளோடும் 1000 கூட்டப்பட்டது. மிக இருண்ட இடங்களில் எண் பூஜ்யத்துக்குக் கீழே போய் வெட்டுப்படாமல் காக்கத்தான் இது. விளைவைப் பாருங்கள்: முன்பு 300 என்று இருந்த நீர்ப்பரப்பு பழைய சுருக்கலில் 25 என்ற கருமை, இப்போது அதே நீர் 1300, அதே கட்டளையில் 110 என்ற சாம்பல். 2021 டிசம்பர் டைலையும் 2022 பிப்ரவரி டைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவே ஒரு கோட்டை இழுத்து ஒப்பிட்டால், ஏரியில் நீர் வற்றிக் கலங்கிவிட்டது என்றே யாரும் நினைப்பார்கள். ஏரிக்கு எதுவும் ஆகியிருக்காது. இன்னொரு முடிச்சும் உண்டு. பழைய ஆண்டுப் படங்களும் புதிய பதிப்பில் மறுபடி செயலாக்கப்பட்டு வெளியாகின்றன; சில தளங்கள் இந்த 1000-ஐத் தாங்களே கழித்துவிட்டுத் தருகின்றன. ஆகவே படம் எடுத்த தேதியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கோப்புப் பெயரின் நடுவில் என்0301, என்0400 என்று வரும் பதிப்பு எண்ணையும், எங்கிருந்து இறக்கியது என்பதையும் பார்க்க வேண்டும். இதைவிட மோசம், ‘டாஷ் ஸ்கேல்’ என்று மட்டும் போட்டு எண்களைக் கொடுக்காமல் விடுவது. அப்போது கருவி ஒவ்வொரு படத்திலும் உள்ள மிகச் சிறிய, மிகப் பெரிய மதிப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு மூலையில் வெண்மேகம் இருந்தால் முழுப் படமும் இருண்டுவிடும், பக்கத்துத் துண்டோடு சேராது.

நான்காவதான காலியிடம் இதோடு ஒட்டிப் பிறந்த பிரச்சினை. படத்துண்டின் ஓரங்களில் செயற்கைக்கோள் பார்க்காத பகுதி 0 என்ற மதிப்போடு வருகிறது. டைலில் அது கறுப்பு முக்கோணமாகத் தெரியாமல் ஒளி ஊடுருவும் பகுதியாக மாற வேண்டும். 8 பிட்டுக்குச் சுருக்கிய பிறகு ‘0 எல்லாம் காலி’ என்று அறிவிப்பது எளிய வழி. ஆனால் சுருக்கும்போது ஆழமான நீரும் மலையின் நிழல் விழுந்த பள்ளத்தாக்கும் 0-க்கு இறங்கியிருக்கும். விளைவு, அணைக்கட்டு நீருக்கு நடுவே பொத்தல் பொத்தலாகக் கீழே உள்ள வரைபடம் எட்டிப்பார்க்கும். காலியிடத்தை மூலப் படத்தின் 16 பிட் மதிப்பிலிருந்தே ஆல்ஃபா என்ற தனிப் பட்டையாக எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் நிறங்களைச் சுருக்க வேண்டும். டைலின் வடிவமும் இதைப் பொறுத்தது: ஜேபெக்கில் ஊடுருவும் தன்மை கிடையாது, பிஎன்ஜி-யில் உண்டு, ஆனால் நிழற்படத்துக்குக் கோப்பு பெருத்துவிடும், வெப்பி இரண்டையும் சமாளிக்கும். வரிசை மாறினால் விளைவு மாறும் என்பதுதான் இங்கே பாடம். வரிசையைக் கட்டளைகளின் பட்டியல் ஒன்றுதான் காட்டும்.

ஐந்தாவது முடிவான ரீசாம்ப்ளிங்கில்தான் என் வாதத்துக்கு வலுவான சான்று இருக்கிறது. அதே விண்வெளி முகமை 2020, 2021 ஆண்டுகளுக்கு வெளியிட்ட வேர்ல்ட்கவர் நிலப்பரப்பு வரைபடத்தில் ஒவ்வொரு 10 மீட்டர் பிக்சலுக்கும் ஒரு வகை எண் உண்டு: மரம் 10, புல்வெளி 30, பயிர்நிலம் 40, கட்டடம் 50, வெற்றுநிலம் 60, நீர் 80. இவை அளவுகள் அல்ல, அடையாளங்கள். இந்த எண்களின் மேலேயே சராசரி முறையை ஓட்டினால் என்ன வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர் 80, பயிர்நிலம் 40, இரண்டின் சராசரி 60: வெற்றுநிலம். ஒவ்வொரு ஏரியைச் சுற்றியும், எங்குமே இல்லாத வெற்றுநில வளையம் ஒன்று முளைக்கும். மரத்தின் 10-உம் கட்டடத்தின் 50-உம் சேர்ந்தால் 30. தோப்பை ஒட்டி வீடு இருக்கும் இடமெல்லாம் புல்வெளி. எண்களை முதலில் நிறங்களாக மாற்றிவிட்டுச் சராசரி எடுத்தால், விளக்கப் பட்டியலில் இல்லாத கலவை நிறங்கள் வரும். வகைப் படத்துக்கு வார்ப் செய்யும்போது அண்மைப் பிக்சல் முறை, எண் குறைந்த ஜூம்களுக்குப் பெரும்பான்மை முறை என்பதே சரியான விதி. ஜிடால்-வார்ப்பின் இயல்பு அண்மைப் பிக்சல், ஜிடால்-டு-டைல்ஸின் இயல்பு சராசரி. எதையும் சொல்லாமல் விட்டால் முதல் கட்டத்தில் தப்பித்து இரண்டாவது கட்டத்தில் மாட்டிக்கொள்வோம்.

பெரும்பான்மை முறையும் குற்றமற்றது அல்ல. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருப்பதாகச் சொல்வார்கள்; அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. பத்து ஹெக்டேர் கண்மாய் ஒன்றை எடுத்துக்கொண்டால், ஜூம் 14-இல் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிக்சல். கரை வளைவுகூடத் தெரியும். ஜூம் 8-இல் ஒரு பிக்சல் சுமார் 600 மீட்டர், அதாவது 36 ஹெக்டேர். ஒவ்வொரு ஜூமிலும் கீழுள்ள நான்கு பிக்சல்கள் கூடி ஓட்டுப் போட்டு மேலே ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன. சிறுபான்மையான கண்மாய் எங்காவது ஒரு படியில் தோற்றுவிடும். ராமநாதபுரம், சிவகங்கை போன்ற கண்மாய் நிறைந்த மாவட்டங்களை ஜூம் 8-இல் பார்ப்பவர், நீரே இல்லாத சமவெளி என்று எண்ணிக்கொண்டு போய்விடலாம். சராசரி முறையில் நிறப் படமாக வெட்டியிருந்தால் ஒரு மங்கலான நீலச் சாயலாவது மிஞ்சியிருக்கும். ஆனால் விளிம்புகளில் பொய் நிறம் வரும். அண்மைப் பிக்சல் முறையில் கண்மாய் தப்புவதும் சாவதும் தற்செயல். மூன்றிலும் ஏதோ ஒன்று போகிறது. எதைக் காப்பது, எதை விடுவது என்று தேர்வது நிலப்படம் வரைபவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. கையால் வரைந்த காலத்தில் அதை அளவுகோலும் குறியீட்டுப் பட்டியலும் ஓரளவு காட்டிக்கொடுத்தன. இன்று அதே தேர்வு ‘டாஷ் ஆர்’ என்ற விருப்பத்துக்குப் பின்னால் வரும் ஒற்றைச் சொல்லில் அடங்கியிருக்கிறது. அந்தச் சொல் இல்லாமல் டைலை மட்டும் கொடுத்தால், தேர்வு நடந்ததே பார்ப்பவருக்குத் தெரியாது.

ஐந்து முடிவுகளில் சேராத ஒன்றையும் சொல்ல வேண்டும்: டைலின் எண்ணிடல். கூகுள் வழியில் வரிசை எண் வடக்கிலிருந்து தெற்காக ஏறும். டிஎம்எஸ் என்ற பழைய மரபில் தெற்கிலிருந்து வடக்காக ஏறும். ஜூம் 10-இல் சென்னை மையம் விழும் டைல் கூகுள் முறையில் 740, 474. டிஎம்எஸ் முறையில் 740, 549. ஒரு முறையில் வெட்டி மறுமுறையில் காட்டினால் சென்னை நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 13 பாகையில், இந்தியப் பெருங்கடலில் போய் நிற்கும். திரையில் தெரிவதோ வெற்று வரைபடம் மட்டும். டைலே வெட்டுப்படவில்லை என்று நினைத்து மணிக்கணக்கில் வேறெங்கோ தேடுவார்கள். கட்டளையில் கூகுள் எண்ணிடலைத் தேரும் ‘எக்ஸ்-ஒய்-இசட்’ என்ற விருப்பம் உண்டா இல்லையா என்று பார்த்தால் போதும்.

இனி மறுப்புகள். முதலாவது: டைல் வெறும் பின்னணிப் படம்; அதன் மேல் வரையும் கோடுகளும் புள்ளிகளும்தான் தரவு; பின்னணிக்கு இவ்வளவு ஆவணம் தேவையா? பின்னணி என்று நாம் சொல்கிறோம். பார்ப்பவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. நீர்நிலையின் எல்லை எங்கே, ஆக்கிரமிப்பு எந்த ஆண்டு வந்தது, வெள்ளம் எதுவரை ஏறியது என்ற கேள்விகளுக்கு மக்கள் டைலைப் பெரிதாக்கித்தான் விடை தேடுகிறார்கள். திரையைப் படமெடுத்து மனுவோடு இணைக்கிறார்கள். மேலே உள்ள கோடுகளைக்கூடப் பல நேரம் டைலைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். பின்னணியின் நகர்வு அப்படியே தரவுக்குள் இறங்கிவிடுகிறது. இதோடு சேர்ந்து வரும் இன்னொரு வாதம், டைலோடு மெட்டாடேட்டா ஏற்கெனவே போகிறதே என்பது. போகிறதுதான். ஜிடால்-டு-டைல்ஸ் எழுதும் எக்ஸ்எம்எல் கோப்பில் தலைப்பு, புரொஜெக்‌ஷன், எல்லை, டைல் அளவு இருக்கும். எல்லா டைலையும் ஒரே எஸ்க்யூலைட் கோப்பில் அடைக்கும் எம்பிடைல்ஸிலும் பெயர், எல்லை, ஜூம் வரம்பு இருக்கும். நான் மேலே சொன்ன சுருக்கல் எண்களோ, ரீசாம்ப்ளிங் முறையோ, காலியிடத்தை எடுத்த வரிசையோ இரண்டிலும் கிடையாது.

இரண்டாவது: இதையெல்லாம் க்யூஜிஐஎஸ்ஸில் பட்டனை அழுத்தியே செய்யலாமே, கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யச் சொல்லி ஏன் பயமுறுத்த வேண்டும்? நான் பட்டனுக்கு எதிரி அல்ல. க்யூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கருவிகள் பலவற்றில் கீழே ஒரு சிறு பெட்டி உண்டு. நாம் தேர்ந்த விருப்பங்களுக்கு ஏற்ப அதில் ஜிடால் கட்டளை தானாக எழுதப்படுகிறது. அதை நகலெடுத்து ஒரு உரைக்கோப்பில் ஒட்டினால் என் கோரிக்கை நிறைவேறிவிடும். பட்டனின் குறை வேறு: பத்து சன்னல்களில் பத்துத் தேர்வுகளைச் செய்துவிட்டு மூடினால், ஆறு மாதம் கழித்து அதே மாவட்டத்துக்குப் புதிய படம் வரும்போது எந்தத் தேர்வைச் செய்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. பழைய டைலும் புதிய டைலும் ஒரே முறையில் வெட்டப்பட்டவை என்ற உறுதி போய்விட்டால், இரண்டையும் ஒப்பிடுவதற்கே பொருளில்லை. கட்டளைக் கோப்பில் கோப்புப் பெயரை மட்டும் மாற்றி ஓட்டினால் அந்த உறுதி இலவசமாகக் கிடைக்கிறது. எல்லோரும் கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும், அதற்கு ஒரு பிற்பகல் போதும்.

மூன்றாவது மறுப்பு கூர்மையானது. கட்டளையை எழுதி வைத்தால் மட்டும் அதே டைல் திரும்ப வருமா? கருவியே மாறுகிறதே? உண்மைதான். எக்ஸ்-ஒய்-இசட் விருப்பம் ஜிடால்-டு-டைல்ஸில் 2020-இல் 3.1 பதிப்பில்தான் சேர்ந்தது. 2025-இல் 3.11 பதிப்போடு ‘ஜிடால் ராஸ்டர் டைல்’ என்ற புதிய கட்டளை வந்தது. பழையதன் இயல்பு டிஎம்எஸ் எண்ணிடல், புதியதன் இயல்பு கூகுள் எண்ணிடல். இயல்பை நம்பி எதையும் சொல்லாமல் விட்டவர், பழைய கட்டளையிலிருந்து புதியதற்கு மாறும் நாளில் தலைகீழான வரைபடத்தைப் பெறுவார். இந்த மறுப்பு என் வாதத்தை உடைப்பதற்குப் பதில் அதற்கு இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கிறது. ஒன்று, இயல்பாக நடப்பதையும் வெளிப்படையாக எழுத வேண்டும்: சராசரிதான் வேண்டும் என்றாலும் ‘டாஷ் ஆர் ஆவரேஜ்’ என்று எழுதுங்கள். இரண்டு, கட்டளைக் கோப்பின் முதல் வரியில் ஜிடால் பதிப்பு எண்ணும், மூலக் கோப்புகளின் முழுப் பெயரும் இருக்க வேண்டும்.

நான்காவது மறுப்பு: டைல் வெட்டும் காலமே போய்விட்டது. மூலப் படத்தைக் கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப் என்ற வடிவில் ஒரே கோப்பாக இணையத்தில் வைத்தால், வேண்டிய துண்டை மட்டும் சர்வர் அவ்வப்போது எடுத்துத் தருகிறது. ஓஜிசி என்ற புவியியல் தரநிலை அமைப்பு 2023-இல் அதைத் தரநிலையாகவும் ஏற்றுவிட்டது. லட்சக்கணக்கான கோப்புகளை நகலெடுக்கும் தொல்லை இல்லை என்பதால் நல்ல மாற்றம்தான். ஆனால் முடிவுகள் எங்கே போயின என்று பாருங்கள். அந்தக் கோப்புக்குள்ளும் படிப்படியாகச் சிறுத்த பிரதிகள் உண்டு. அவற்றை உண்டாக்கும்போது சராசரியா பெரும்பான்மையா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கண்மாய் அங்கேயும் அதே படியில்தான் தோற்கும். வெளிச்சச் சுருக்கல் மட்டும் முன்னதாக நடக்காமல், பார்க்கும் நேரத்தில் இணைய முகவரியின் வாலில் இரண்டு எண்களாக ஒட்டிக்கொள்கிறது; ஒருவர் பார்ப்பது 0-3000, அடுத்தவர் பார்ப்பது 1000-4000 என்று ஆகலாம். முன்பு ஒரு முறை எடுத்த முடிவு இப்போது ஒவ்வொரு பார்வைக்கும் புதிதாக எடுக்கப்படுகிறது. எழுதி வைக்க வேண்டிய தேவை இதனால் கூடத்தான் செய்கிறது.

ஆகவே நடைமுறையில் நான் கேட்பது சிறிய விஷயம். டைல் ஃபோல்டரின் மேல் மட்டத்தில் ஒரு உரைக்கோப்பு: ஜிடால் பதிப்பு, மூலப் படங்களின் பெயர், வளைத்தது, கோத்தது, சுருக்கியது, வெட்டியது ஆகிய நான்கைந்து கட்டளைகள் ஓடிய வரிசையிலேயே. அளவு இரண்டு கிலோபைட்டைத் தாண்டாது. எழுத நேரமும் ஆகாது, ஏனெனில் வேலை செய்யும்போதே அது எழுதப்பட்டுவிடுகிறது. செய்பவர்கள் தாமாகக் கொடுப்பார்கள் என்று காத்திருப்பதைவிட, வாங்குபவர்கள் கேட்பதுதான் விரைவான வழி. மாவட்ட நிர்வாகமோ, பல்கலைக்கழகத் துறையோ, தொண்டு நிறுவனமோ டைல் வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது, ‘கட்டளைக் கோப்பும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும், அதை எங்கள் கணினியில் ஓட்டி, ஏதாவது பத்து டைல்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே பணம்’ என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். அந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஒரு கரை எங்கே இருக்கிறது என்று நாளைக்கு யாராவது கேட்டால், படத்தைக் காட்டுவதோடு அந்தப் படம் எப்படி வந்தது என்றும் சொல்ல முடியும். அப்படிச் சொல்ல முடிகிற வரைபடத்தைத்தான் சான்றாக ஏற்கலாம் என்று நினைக்கிறேன்.